இறக்கையில் வைத்த சந்தனம்

என் வலது மோதிர விரலின் நுனி பதினாறு மில்லிமீட்டர் அகலம். அளந்து பார்த்திருக்கிறேன். அந்த விரலால் சந்தனம் தொட்டு, விமான இறக்கையின் முகப்புத் தகடு ஒன்றில் இரண்டு பொட்டு வைத்தேன். மலாக்காவில் விமான உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரச் சோதகராக இருந்தவன், ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கையில் செய்த காரியம் அது. இன்றும் புக்கிட் பெருவாங் வீட்டில் காலையில் ஏழு மாத்திரைகளையும் எண்ணி எடுக்கும்போது அந்த விரல் கண்ணில் பட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

எங்கள் பொறியாளர், ஜாசின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவருடைய அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். பொறியாளர் என்னைவிட இருபத்தாறு வயது சின்னவர். என்னை ‘அங்கிள்’ என்பார், நான் ‘அம்மா’ என்பேன். அந்தத் தகடு அவருடைய மூன்று வருட உழைப்பு. வெறும் கண்ணுக்கு வழவழப்பான உலோகத் தகடு, அவ்வளவுதான். உருப்பெருக்கியில் பார்த்தால் அது முழுக்க ஓட்டைகள். ஒவ்வொன்றும் தலைமயிர்ப் பருமன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. ஒரு மூலையிலிருந்து எண்ணத் தொடங்கி, நாலாயிரத்தில் கண்ணில் நீர் வந்து நிறுத்திவிட்டேன். வெளிநாட்டில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அதைச் சோதிக்கப் போகிறார்கள். தேறினால் அடுத்தடுத்த தகடுகளும் எங்களுக்கு. தேறாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். அனுப்ப ஐந்து நாள் இருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

எங்கள் பிரிவில் தமிழர் பதினொரு பேர். சாமி படம், பொரி, வாழைப்பழம், இயந்திரங்களுக்குப் பொட்டு. பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை, யாரும் எதையும் விட்டுவிடக் கூடாதே என்று. மெருகேற்றும் பிரிவு அக்கா ஒருவர் வாய் சும்மா இருக்காது.

“அங்கிள், டாய்லெட் பைப்பையும் விட்றாதீங்க லா, அதுவும் ஆயுதந்தான்!”

“மொதல்ல உன் வாய்க்கு வைக்கணும். இங்க இருக்கிறதுலயே அதுதான் கூரு.”

சிரிப்பு அடங்கியபோது பொறியாளர் ஊதுவத்தியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “அங்கிள், புகையப் பாருங்க. கீழ நூல் மாதிரி நேரா போகுது. ஒரு சாண் ஏறினதும் கலையுது, பாத்தீங்களா? இறக்கை மேல போற காத்தும் இப்படித்தான். கலைஞ்சிட்டா பிளேன பின்னால புடிச்சு இழுக்கும். எண்ணெய் வீணாப் போகும்.”

“அதுக்கு எதுக்கும்மா இத்தனை ஓட்டை?”

“கலையப் போற காத்த அது வழியா துளியூண்டு உள்ள உறிஞ்சிக்கிட்டா, மிச்சம் நூலாவே போயிரும். இன்னொண்ணு சொல்லவா? தகட்டத் தொடுற காத்து நகரவே நகராது, அங்கிள். பிளேன் என்ன வேகத்துல போனாலும் அது தகட்டோட ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல இருக்கிறது கொஞ்சம் நகரும், அதுக்கும் மேல இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து சில இடத்துல ஒரு காகிதத் தடிப்புதான்.”

அந்தக் காகிதத் தடிப்புக்குள் நின்றுகொண்டிருக்கும் காற்றை நினைத்து எனக்குப் புல்லரித்தது. முப்பத்தொரு வருடம் தகடுகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லோரும் பொரி தின்னப் போனதும் கிண்ணத்தோடு உள்ளே போனேன். தகட்டின் மேல் பாதுகாப்புக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. இரண்டு ஓரத்தையும் உரித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். பிறகு துடைத்துவிட்டு, பழையபடி ஒட்டிவிட்டேன். சுத்தமாகத் துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் கடைசிச் சோதனை. அறையை இருட்டாக்கித் தகட்டுக்குப் பின்னால் விளக்கைப் போட்டார்கள். தகடு மறைந்து, சுவர் முழுக்க நட்சத்திரம் கொட்டியது போல் ஆயிற்று. அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே இரண்டு கரிய வட்டங்கள். பொறியாளர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. மெருகுப் பசைதான் அடைத்துவிட்டது என்று மெருகேற்றும் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்பது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா அழத் தொடங்கிய பிறகுதான் எழுந்தேன்.

“அம்மா, அது என் கை. சந்தனம்.”

அவர் என்னையே பார்த்தார். “கிளவுஸ் போடலன்னா ஊரையே கூட்டிக் கத்துறது நீங்கதானே, அங்கிள்? பிளாஸ்டிக் மேலயே வச்சிருக்கக் கூடாதா?”

“பிளாஸ்டிக் மேல வச்சா அது தகட்டுக்கு வச்சதா ஆகுமாம்மா?”

அவர் உருப்பெருக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார். “எத்தனை ஓட்டை அடைச்சிருக்குன்னு எண்ணுங்க” என்றார். எண்ணினேன். இடது வட்டத்தில் முந்நூற்று நான்கு, வலதில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. உட்புறமிருந்து வெந்நீரும் காற்றும் செலுத்தி, சாயங்காலத்துக்குள் வலது வட்டத்தைத் திறந்துவிட்டோம். கடைசி ஓட்டையிலும் வெளிச்சம் வந்தது. இடதுக்குப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது இருக்கட்டும்.”

இரண்டையும் கழுவிவிட்டு ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிடலாம் என்று மேலாளர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். எனக்கும் அதுதான் ஆசை. பொறியாளர் கேட்கவில்லை. “வெளில பறக்கையில பூச்சி வந்து அப்பிக்காதா? அடைச்சிக்கிட்டா என்னாகும்னு அவங்களும் பாக்கத்தானே வேணும்” என்றார். வெளிநாட்டாருக்கு அவர் எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். பொட்டின் இடம், அகலம், அடைபட்ட ஓட்டைகள், கழுவிய பக்கம், கழுவாத பக்கம். சந்தனம் என்றால் என்ன, எதற்காக வைப்போம் என்பதற்கு மூன்று வரி. எதையும் மறைக்கவுமில்லை, என் மேல் பழி போடவுமில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள், அப்படியே அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேலை வாழ்க்கையில் முதலும் கடைசியும்.

நாலு மாதம் கழித்துச் சோதனைக்கு அவரும் போயிருந்தார். நான் பாச்சாங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. உடனே அவரே அழைத்தார்.

“படம் வந்துச்சா, அங்கிள்? தகட்ட லேசா சூடாக்கி, வெப்பத்தப் படம் புடிக்கிற கேமராவுல எடுத்தது. காத்து கலையிற இடம் சீக்கிரம் ஆறிப்போயி கறுப்பாத் தெரியும்.”

முழுத் தகடும் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், ஒரு சலனமும் இல்லாமல் இருந்தது. இடப்பக்கம் மட்டும் ஒரு புள்ளியிலிருந்து கறுப்பாக ஒன்று கிளம்பி, பின்னால் போகப் போக விசிறி போல் விரிந்திருந்தது.

“மன்னிச்சிரும்மா” என்றேன்.

“ஐயோ, நல்லாப் பாருங்க லா! விசிறிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கடைசி வரைக்கும் கலையவே இல்ல. அடுத்த தகடும் நமக்குத்தான்.”

பார்த்தேன். விசிறியின் இரு கரையிலும் காற்று ஒரு நூல்கூடப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அறுபது வருடம் காற்றுக்குள்ளேயே இருந்தவன், அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மீன்காரர் வெட்டவா, முழுசாகத் தரவா என்று கேட்டுக்கொண்டே நின்றார்.