உமாவின் ரிசெப்டருக்குக் காது மந்தம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு உமா எங்கள் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "ஆபரேஷன் கேன்சல் ஆயிடுச்சி!" என்றாள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, பாஸானதற்கு எல்லாம் ஸ்வீட் சாப்பிட்டிருக்கிறோம். நடக்காத ஆபரேஷனுக்குச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நெல்லித்தோப்பில் ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டில் தைக்கிறாள் உமா. கணவர் குமார் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறார். கழுத்தில் லேசாக வீக்கம், அடிக்கடி படபடப்பு என்று போனவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம். குறைக்க மாத்திரை கொடுத்தார்கள்.

சாப்பிடச் சாப்பிட வீக்கம் பெரிதாயிற்று. உடம்பு அசந்துபோனது. டோஸைக் கூட்டினார்கள். இன்னும் வீங்கியது.

மாத்திரை பலிக்கவில்லை என்றால் நாம் யாரைச் சந்தேகப்படுவோம்? மாத்திரையையா? டாக்டரையா? சாப்பிடுகிறவரைத்தானே!

"ஒழுங்கா போட்டா ஏன் கொறய மாட்டுது? எங்கியாச்சும் தூக்கிப் போட்டுடுறியா?" — குமார் இப்படித்தான் ஆரம்பித்தார். பிறகு தன் கண் முன்னால் விழுங்கச் சொன்னார். அதற்கும் பிறகு, விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளயாட்டம் தெனம் ஆ காட்டுறேன்க்கா" என்று உமா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில், தைராய்டையே எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. எதற்கும் இன்னொருவரிடம் கேட்டுவிடுவோம் என்று நான்தான் அவளை வேறொரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டுகளை மெதுவாகப் புரட்டினார்.

"ஹார்மோன் இவ்ளோ இருந்தா, போதும் நிறுத்துன்னு மூளை சொல்லியிருக்கணும். சொல்லவே இல்லியே... அதுக்குப் பத்தலன்னு தோணுது போல."

ஹார்மோன் வந்து சொல்வதைக் கேட்டு, செல்லை வேலை செய்யவைப்பது ரிசெப்டர் என்கிற புரதம். உமாவின் ரிசெப்டர் ஜீனைப் பரிசோதித்ததில் ஓர் இடத்தில் மாற்றம் இருந்தது. ஆனால், அது இதுவரை யாரிடமும் பதிவாகாத மாற்றம். குற்றவாளி அதுதானா, சும்மா நிற்கிற ஆளா? எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டருக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். தட்டில் மனித செல்களை வளர்த்தார்கள். சிலவற்றுக்குள் சாதாரண ரிசெப்டர், சிலவற்றுக்குள் உமாவுடையதைப் போன்ற ரிசெப்டர். கூடவே மின்மினிப் பூச்சியின் ஜீன் ஒன்று — ரிசெப்டர் வேலை செய்தால் செல் ஒளிரும். பிறகு, ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வெளிச்சத்தை அளந்தார்கள்.

ரிசல்ட் அன்று குமாரையும் சேர்த்து நாங்கள் மூவரும் போனோம். டாக்டர் லேப்டாப்பைத் திருப்பி இரண்டு கோடுகளைக் காட்டினார்.

"இது சாதாரண ரிசெப்டர். கொஞ்சம் ஹார்மோனுக்கே நல்லா வெளிச்சம் வருது. இது உமாவோடது. அதே அளவு குடுத்தா மங்கல். பல மடங்கு குடுத்தாத்தான் அந்த வெளிச்சத்த எட்டுது."

ஆக, அவள் உடம்பு தப்பே செய்யவில்லை. காது மந்தமான ரிசெப்டருக்குக் கேட்கட்டும் என்று கூடுதலாகச் சுரந்திருக்கிறது. நாமோ மாத்திரை கொடுத்து அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம். 'இன்னும் சுர' என்று மூளை விரட்ட விரட்ட, சுரப்பி வீங்கியிருக்கிறது. இதயத்தில் பெரும்பாலும் இருப்பது வேறு வகை ரிசெப்டராம். அதற்கு நன்றாகவே கேட்கும். அதனால்தான் படபடப்பு. அதற்கு மட்டும் ஒரு சின்ன மாத்திரை போதும், ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

ஒருவர் குரலை உயர்த்தினால் 'ஏன் கத்துறே?' என்று உடனே கேட்டுவிடுகிறோம். எதிரே இருப்பவருக்குக் காது கேட்கிறதா என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

உமா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெளிச்சத்த நான் பாக்க முடியுமா மேடம்?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. அவ்ளோ கம்மி. மெஷின்தான் பாக்கும்."

"மெஷினாச்சும் பாத்துச்சே" என்றாள் உமா. "வீட்டுல கண்ணு இருக்கறவங்க யாரும் பாக்கல."

டாக்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கைப்பையை ஆராய்ந்தேன். குமார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஆமா... நான் பாக்கலதான்" என்றார்.

அன்றைக்கு வந்த ரிசல்ட்டுகளில் முக்கியமானது அதுதான் என்பேன்!