போர்டு கத்துகிறதா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர். கம்ப்யூட்டரின் மதர்போர்டு தனக்கு என்ன நோவு என்பதைக் கீச்சுச் சத்தத்தில் சொல்லும். நீளமாக அடித்தால் ஒன்று, குட்டையாக அடித்தால் வேறொன்று. வாடிக்கையாளர் போனை மெஷின் பக்கத்தில் பிடித்தால் போதும், வீட்டில் சாப்பிட்டபடியே, "மெமரிதான், கழட்டித் துடைச்சுப் போடுங்க" என்பார். எண் காட்டும் சோதனை அட்டையைச் செருகிப் பார்க்கிற மற்ற மெக்கானிக்குகளை, "அவங்கல்லாம் கண்ணால வைத்தியம் பாக்குறவங்க" என்று கிண்டலடிப்பார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனுஷர்தான், மறைப்பானேன்.

அந்தத் தலைக்கனத்துக்குள் இப்போது ஒரு பயம் புகுந்திருந்தது. பிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கத்திக்கொண்டிருக்க, இவர் பக்கத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "இதுகூடவா கேக்கல?" என்றாள் மனைவி. ஏதோ யோசனையில் இருந்ததாகச் சமாளித்தார். மனிதர் பேசுவது கேட்கிறது, மெல்லிய கீச்சு மட்டும்தான் பிடிபடவில்லை. டாக்டரிடம் போகலாமா என்றால் பேச்சை மாற்றுவார். போனில் வைத்தியம் பார்ப்பதையும், "நேர்ல பாத்தாத்தான் சரியா வரும்" என்று நிறுத்திவிட்டார். காது போனது வெளியே தெரிந்தால் பெயரோடு பிழைப்பும் போய்விடும் என்று அவருக்கு உதறல்.

அன்று காலை ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ரத்தம் பார்க்கிற மெஷினோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இவர் போனபோது வராந்தாவில் கூட்டம், தட்டில் சாம்பிள்கள். கூடத்தை நடத்துகிற பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"போர்டு போயிருந்தா அவ்வளவுதான்ணே. புது போர்டுல இந்த மெஷின் ஓடாதுன்னுட்டாங்க."

"இரும்மா, பாத்துடுவோம்."

மூடியைக் கழற்றினார். மீட்டரை வைத்து மின்சாரம் பார்த்தார், சரியாக வந்தது. டிஸ்க்கைப் பிடுங்கினார், செருகியிருந்த அட்டைகளைப் பிடுங்கினார். கடைசியாக மெமரியையும் உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். மெமரி இல்லாமல் போட்டால் உயிருள்ள போர்டு ஊரைக் கூட்டும். கத்தவில்லை என்றால் போர்டு செத்தது என்று அர்த்தம்.

பேன் சுற்றியது. வேறொன்றும் கேட்கவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஊஹூம். செத்தது போர்டா, தன் காதா? கழுத்தில் வியர்வை இறங்கியது. பக்கத்தில் நிற்கிறவளைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், குட்டும் உடைந்துவிடும். கேட்காமல் கையை விரித்தால், நல்ல போர்டைக் குப்பைக்கு அனுப்பிய பாவம் வந்து சேரும். வெகுநேரம் ஸ்க்ரூடிரைவரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு நிமிராமலே, போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"சத்தம் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"இல்லையேண்ணே. பேன் சத்தம் மட்டுந்தான்."

அப்பாடா என்றிருந்தது. போர்டு செத்ததற்குச் சந்தோஷப்பட்ட மெக்கானிக் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அவள் முகம் வாடிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் பையில் கைவிட்டார். விரலில் பொத்தான் அளவு ஸ்பீக்கர் தட்டுப்பட்டது.

சில பெட்டிகளில் போர்டு கத்துவதற்கான ஸ்பீக்கர் இருக்காது என்பதால் கையோடு ஒன்றைக் கொண்டுபோவார், போனதும் முதலில் அதைத்தான் செருகுவார். இன்று கேட்குமோ கேட்காதோ என்ற பயத்திலேயே செருக மறந்திருக்கிறார். போர்டின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, கத்தவில்லையே என்று தீர்ப்புச் சொல்ல இருந்தார்.

அது பையிலேயே கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டியை மூடிவிட்டுப் போய்விடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்பீக்கரைச் செருகி ஸ்விட்சைப் போட்டார்.

பேன் சுற்றியது. காதைப் போர்டுக்கு ஒரு சாண் தூரம்வரை கொண்டுபோனார். பேன் சத்தம்தான். சரி, நிஜமாகவே செத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தபடி நிமிர்ந்தார்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

"நிறுத்துங்கண்ணே, காது கிழியுது."

அவர் கை ஸ்விட்ச் வரைக்கும் போய், அங்கேயே நின்றது. வராந்தாவில் யாரோ இருமுவது தெளிவாகக் கேட்டது.

"கையை எடும்மா" என்றார். "எனக்குக் கேக்கல. நீளமா அடிக்குதா, குட்டையா அடிக்குதான்னு நீதான் சொல்லணும்."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவருக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "நீளம்" என்றாள். "மறுபடியும் நீளம்."

போர்டு உயிரோடுதான் இருந்தது.