வாஷிங் மெஷின் வாங்காத கதை

அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்குவதற்காக இரண்டு மாதம் போனில் விமர்சனம் படித்தேன். கடைசிவரை வாங்கவில்லை.

அம்மா பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். ஆழமில்லாத தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். இறால் இருப்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். அதன் கொம்பு குத்தாத நாள் கிடையாது. அதைக் காயம் என்றே எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்கிவிடுவார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. வலது ஆள்காட்டி விரலில் குத்தியது ஆறவே இல்லை. கையில் தண்ணீர் படக்கூடாது என்றார் பொன்னேரி டாக்டர். ஏரிக்குப் போவதை நிறுத்தினாள். துணி துவைப்பதை எப்படி நிறுத்துவது? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். மீன் வாடை பிடித்த என் சட்டையும் லுங்கியும்தான் மூட்டையில் பாதி.

மெஷின் வாங்கிவிடலாம் என்றேன். ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லாரும் அடுக்குமாடிக்காரர்கள். ‘இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை, சூப்பர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உப்புத் தண்ணீருக்கு டிரம் தாங்குமா என்று கேள்வி போட்டேன். ‘தெரியாது, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது’ என்று பதில் வந்தது. அந்த ஆள் மேல் வந்த கோபத்தில் இன்னும் நூறு விமர்சனம் படித்தேன். ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களை மட்டும்தான் நம்பினேன். அப்படி யாரும் திட்டாத மெஷின் உலகத்தில் இல்லை.

“மிஷினு இன்னா ஆச்சு நைனா?” என்று கல்லில் என் சட்டையைக் கும்மிக்கொண்டே அம்மா கேட்பாள். விரலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி நூலால் கட்டியிருப்பாள். கவருக்குள்ளே சோப்புத் தண்ணீர் நிற்கும்.

“கொஞ்சம் பொறும்மா. பதறாத காரியம் சிதறாதுனு சும்மாவா சொன்னாங்க?” என்பேன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

விரல் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இனிமே எறா எப்டி தெரியும்?”

நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

வீடு திரும்பிய மறுநாள், அழுக்குத் துணி குவிந்து கிடந்தது. வேறு ஆளில்லாமல் துவைக்கிற கல்லின் முன்னால் நானே உட்கார்ந்தேன். சோப்புப் போட்டு, கும்மி, அலசி, பிழிந்து கொடியில் போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

“நல்லாத்தான் தொவைக்கிற நைனா.”