எந்தக் காலை முதலில் வைப்பது

எங்கள் கலியாணத்தில் எனக்கும் அவளுக்கும் சொந்தமாக இருந்தது மூன்று நிமிடம். மற்றதையெல்லாம் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாளைப் பஞ்சாங்கம் வைத்தது. மண்டபத்தை அவளுடைய அப்பா பிடித்தார். கூறைச்சேலையின் நிறத்தை முடிவு செய்யக் லண்டன் கிங்ஸ்பரியில் அவர்கள் வீட்டில் இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டுக்கும் மணப்பெண்ணைக் கூப்பிடவில்லை. கேக் எத்தனை தட்டு என்பதில் என் அம்மா மூக்கை நுழைத்தார். தட்டு ஒற்றைப்படையில் இருக்கவேண்டுமாம். கேக்குக்கும் ஒற்றைப்படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வாயை மூடு" என்பதுதான் சாஸ்திரமாக வந்தது.

அவள் லண்டனில் பிறந்தவள். ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிசில் பாத்திரம் கழுவி, இருபத்து நான்கு வயதில் இங்கே வந்து எலெக்ட்ரிஷன் ஆனவன். கூறைச்சேலைக் கூட்டம் முடிந்த செய்தி வந்த அன்று, அவள் என் வேனில் முன்சீட்டில் இருந்தபடி சொன்னாள்.

"எனக்கு ஒண்டே ஒண்டு வேணும். ஃபர்ஸ்ட் டான்ஸ். த்ரீ மினிட்ஸ். மிச்சத்தை எல்லாரும் எடுக்கட்டும். அதை மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்."

"ஓம்" என்றேன். எனக்கு மிகச் சுலபமாக வரும் சொல் அது. அந்தச் சொல்லால் நான் மாட்டிக்கொண்ட இடங்கள் பல. ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். இந்த மூன்று நிமிடத்தை மட்டும் நான் கெடுக்கக்கூடாது என்று உண்மையாகவே நினைத்தேன்.

தென் லண்டனில், மிட்சம் என்ற இடத்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடன வகுப்பு. சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கு அவளைவிட வயது குறைவு. மூன்று எண்ணிக்கையில் ஆடும் ஆட்டம். ஆண் இடது காலை முன்னே வைக்க வேண்டும், பெண் வலது காலைப் பின்னே எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. இதைவிட எளிதான விஷயம் உலகத்தில் இல்லை என்பதுபோல அந்தப் பெண் சிரித்தாள்.

நான் வலது காலை வைத்தேன். அது நேரே போய் இவளுடைய இடது காலில் இறங்கியது.

மறுபடி. இடது, இடது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வலது காலை வைத்தேன். மறுபடி. அன்று மட்டும் அவளுடைய இடது காலை ஒன்பது முறை மிதித்தேன். என் எடை எண்பத்தெட்டுக் கிலோ. பாவம், அவள் அதுவரை அதைக் கேட்டதே இல்லை.

"உமக்கு நோகுதே?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

தவறு என் காலில் இல்லை, அதை வளர்த்தவரில் இருந்தது. புதுவீட்டுக்குப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், விமானம் ஏறினாலும் வலது காலைத்தான் முதலில் வைக்கவேண்டும் என்று அம்மா என்னைப் பழக்கியிருந்தார். ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது பின்னால் ஐம்பது பேர் நிற்க, நான் வாசலில் நின்று கால் மாற்றினேன். இன்றைக்கும் ஏணியில் வலது காலால்தான் ஏறுகிறேன். இதெல்லாம் எனக்கு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. கால்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

ஐந்து கிழமை, ஐந்து வகுப்பு போனது. வகுப்பில் என் பார்வை முழுக்கக் கீழேயே இருந்தது. கீழே பார்க்காதே, அவள் முகத்தைப் பார் என்று ஆசிரியை தொண்டை கிழியச் சொன்னாள். நான் ஒயர் பூட்டும்போதுகூட அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு வழியாக, கண் காவல் இருந்தால் இடது கால் முதலில் போகும் என்ற நிலைக்கு வந்தேன். அவளுடைய கால்விரல் நகம் ஒன்று அதற்குள் நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

அந்த வெற்றியோடு வீட்டுக்கு வந்து, சோபாவைத் தள்ளிவிட்டு ஆடிக் காட்டினோம். அதுதான் நான் செய்த மடத்தனம். அம்மா ஒரு மூலையில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆடப்போவதை அவர் அதுவரை "அந்தக் கூத்து" என்றுதான் சொல்லிவந்தார். அதற்கு அவர் எதிரியில்லை. முதல் அடி வைத்ததும் பயிற்றங்காய் கையில் அப்படியே நின்றது.

"தம்பி, நில். எந்தக் காலை வைச்சனீ?"

நான் காலைப் பின்னுக்கு இழுத்தேன்.

"இடது காலோ? தாலி கட்டின கையோடை, நாலு பேர் பாக்க, முதல் அடி இடது காலோ?"

"மாமி, அது ரூல்" என்றாள் அவள். "ஆம்பிளையளுக்கு லெஃப்ட்."

"ஆரின்ரை ரூல் பிள்ளை?"

யார் கண்டுபிடித்த ஆட்டம், எந்த ஊர், எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அது வலது கால் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆடுவதென்றால் ஆடட்டும், வலது காலை வைத்து ஆடட்டும். பிறகு வெஸ்ட் ஈலிங் கோயிலில் தெரிந்த ஐயர் ஒருவருக்கே போன் எடுத்தார். சோடியாக ஆடுவதற்குக் கால் சொல்லி எந்தச் சாஸ்திரத்திலும் தான் படிக்கவில்லை என்று ஐயர் மரியாதையாகச் சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு, "அவருக்கும் தெரியேல்லை" என்றார். பிறகு இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. "நான் ஒண்டும் சொல்லேல்லை, உங்கடை விருப்பம்" என்றார் மூன்றாம் நாள். எங்கள் வீட்டில் அதற்குச் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது. நாள் உங்களுடையது, மண்டபம் உங்களுடையது, கேக்கின் தட்டுக்கூட உங்களுடையது, இந்தப் பெண்ணுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? அம்மாவிடம் இதைச் சொல்லும் துணிவு இல்லாததால் குளியலறைக் கண்ணாடிக்குச் சொன்னேன். என்ன வந்தாலும் இடது கால்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கடைசி இரண்டு வகுப்புக்கும் எனக்கு வேலை வந்துவிட்டது, அவள் தனியாகத்தான் போனாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் வீடியோக்காரர் போன் எடுத்தார். எங்கள் கலியாணங்களில் ஐயருக்கு மேலே ஒருவர் உண்டென்றால் அது வீடியோக்காரர்தான். அவர் தலையசைக்காமல் தாலி ஏறாது.

"அண்ணை, டான்சுக்குப் புகை விடுவம். மேகத்திலை நிண்டு ஆடுற மாதிரி இருக்கும். முழங்கால் மட்டும் வரும்."

முழங்கால்வரை புகை வந்தால் அம்மாவுக்குக் கால் தெரியாது. அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் தாலி கட்டி, பின்னேரம் வரவேற்பு. எங்கள் மூன்று நிமிடம் வந்தது. நானூறு பேர் ரோல்ஸ் தின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முதல் வரிசையில், கழுத்தை நீட்டிக்கொண்டு. பாட்டுத் தொடங்கியது, புகை வந்தது. குளிர்ந்த வெள்ளைப் புகை எங்கள் முழங்கால்வரை ஏறி நின்றது. நான் வழக்கம்போலக் கீழே பார்த்தேன்.

கால் இல்லை. என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. அம்மாவின் கண்ணுக்கு மறையும் கால் எனக்கும் மறையும் என்ற சின்ன விஷயம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

வேறு வழியில்லாமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். ஆட்டம் பழகத் தொடங்கிய ஏழு கிழமையில் அதுதான் முதல் தடவை. அவள் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பயம். அது தெரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. இவளுக்காக என்று நினைத்து இடது காலை நன்றாக, உறுதியாக முன்னே வைத்தேன்.

எதன் மேலோ மிதித்தேன். எதன் மேல் என்று எனக்குத் தெரியாதா?

"அம்மா!" என்றாள் அவள், மெதுவாக.

"நான் லெஃப்ட்டைத்தானே வைச்சனான்!"

"நானும் லெஃப்ட்டைத்தான் எடுத்தனான்" என்றாள். "நீங்கள் ரைட்டை வைப்பியள் எண்டு. ரெண்டு கிழமையா மாத்திப் பழகினனான்."

"ஏன்?"

"மாமிக்காக."

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆடாமல் அசையாமல் சிரித்தோம். சனம் அதை என்னவென்று நினைத்ததோ, கைதட்டியது. வீடியோக்காரர் இன்னும் புகை விட்டார். மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் சிரிப்பிலேயே போனது. மிச்சத்துக்கு எந்தக் கால் எங்கே போனது என்று எங்களுக்கும் தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், காரில் செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள். நான் இல்லாத ஒரு நாள் அம்மா அவளிடம் பேசியிருக்கிறார். "பிள்ளை, வீட்டை விட்டு ஓடேக்கை எந்தக் காலை முதல் வைச்சனான் எண்டு நான் பாக்கேல்லை. சண்டை, செல் விழுந்து வெடிக்குது, ஆர் பாப்பினம்? அதுதான் இண்டைவரைக்கும் ஓட்டம் முடியேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் பாத்து வையுங்கோ." என்னிடம் அம்மா இதைச் சொன்னதே இல்லை. கேக் தட்டுக்குக்கூடக் காரணம் கேட்ட நான், இதற்குக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீடியோ இரண்டு மாதம் கழித்து வந்தது. அம்மா அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். புகையும் இரண்டு தலையும் சிரிப்பும்தான் தெரிந்தன. டிவிக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. எந்தக் கால்?"

அவள் சோபாவில் இருந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய இடது கால் நகம் ஆறிவிட்டது. என் இடது கால் போய் இறங்கிய மற்றக் காலில், புது நகம் அரைவாசிதான் முளைத்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வலது கால்தான் அம்மா."