கேட்காமல் விட்ட தோல்

தோல் வங்கியில் வேலை பார்த்த அவளைத் தெருவே தோலக்கா என்றுதான் கூப்பிட்டது. சாவு வீட்டுக்குப் போய், அழுகை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, இறந்தவரின் தோலைத் தருவீர்களா என்று கேட்பது அவள் வேலை. தொடையிலும் முதுகிலும் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகத்தான் எடுப்போம், முகத்தில் கை வைக்க மாட்டோம் என்று பதமாகச் சொல்வாள். தீக்காயம் பட்டவர்களுக்குச் சொந்தத் தோல் வளரும்வரை அது மூடிக் காக்கும். சிலர் சம்மதிப்பார்கள். சிலர் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அவள் முகம் சுளித்ததில்லை.

தங்கைக்கு மட்டும் இந்த வேலை ஒரே சிரிப்பு. "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எடுத்துக்கோக்கா, யோசிக்கவே வேணாம்" என்பாள். இவள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பேச்சை மாற்றுவாள்.

அந்தத் தங்கை ஒரு காலையில் துணி காயப்போடும்போதே மாரடைப்பில் சுருண்டு விழுந்து இறந்துபோனாள். பதறி ஓடிவந்த தோலக்கா, தங்கை கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மனைவியின் கையை விடவே இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஊரார் வீட்டில் கோவையாக வரும் பேச்சு இங்கே வரவில்லை. இந்த நேரத்திலும் வேலைதானா என்று அவர் நினைத்துவிட்டால்? வந்தவர்களுக்குக் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் வெளியே தலைகாட்டவில்லை. நேரம் கடந்துபோயிற்று.

அவள் வேலைக்குத் திரும்பியபோது வங்கி அலமாரி காலியாகக் கிடந்தது. கொதிக்கிற எண்ணெய் கொட்டி வெந்துபோன ஒரு சமையல்காரருக்கு, ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இருந்த செயற்கைத் தோலை வைத்துச் சமாளித்திருந்தார்கள். அது நன்றாகத்தான் ஒட்டியது, ஆனால் போதவில்லை என்றார் டாக்டர். ஆள் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் முழுசாக நீட்ட வராமல் போயிற்று.

சில மாதம் கழித்து, தங்கையின் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போகத் தங்கை கணவர் வந்தார். கிளம்பும்போது சொன்னார்: "அவ என்கிட்டயும் சொல்லி வச்சிருந்தா, அக்கா. அன்னைக்கு நானா சொல்ல வாய் வரல. நீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உங்க முகத்தப் பாத்து கேக்க முடியல, தம்பி."

"கேட்டிருக்கலாம்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகவே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

இப்போதும் அவள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். எங்காவது ஒருவர், "உங்க வீட்டுல யாராச்சும் குடுத்திருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.