பதினேழாவது கேள்வி

பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுத் துறையில் அவரை எல்லோரும் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவர்கள் பேனாவால் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே நாற்காலி. இடது கை ஆள்காட்டி விரல் தாளில் வரி வரியாக இறங்கும், வலது கை எண் பொத்தான்களின் மேல் தன்பாட்டுக்கு ஓடும், கண் திரைப்பக்கமே போகாது. அவர் ஏற்றியதில் தப்புக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லாம் அசடு வழியத் திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பெருமை அக்காவுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வருடம் வந்த ஆய்வு, பக்கத்துத் தெருக்களில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களைப் பற்றியது. அறுநூற்று நாற்பது பேர், ஆளுக்கு நாலு பக்கம். ராத்திரி தூக்கம் வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தெருக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்று முப்பத்திரண்டு கேள்விகள்.

இந்த ஆய்வை நம்பி ஓர் இடம் இருந்தது. பின்வாசலுக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு கடையைப் பல்கலைக்கழகம் எடுத்து, எட்டு மேசை போட்டு, மூலையில் ஒரு தேநீர்க் கெட்டிலும் வைத்து, மாணவர்களும் தெருக்காரர்களும் வந்து உட்காரலாம் என்று திறந்துவிட்டிருந்தது. எல்லோரும் அதைக் கூடம் என்றார்கள். ஒரு வருடம் நடத்திப் பார்ப்பது, பிறகு அறிக்கையைப் படித்துவிட்டுத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று குழு முடிவு செய்வது என்பது ஏற்பாடு. வேலை முடிந்து பேருந்து வரும்வரை அக்கா அங்கேதான் உட்காருவார். யாருடைய சட்டையிலாவது பொத்தான் தொங்கினால் கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுப்பார். அப்படியே நாலு கேள்வியும் கேட்டுவிடுவார். அவர் கேட்டால் மட்டும் பிள்ளைகள் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்.

குழு கூடும் நாள் காலையில் அறிக்கை அக்காவின் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு படி எடுத்து, ஓரத்தில் துளையிட்டு, சுருள் கம்பி கோத்துக் கொடுக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். அக்கா துளையிட்டுக்கொண்டே படித்தார். படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

பதினோராவது பக்கத்தில் கை நின்றது. பதினேழாவது கேள்வி: உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்தத் தெருவில் நீங்கள் கதவைத் தட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? சராசரி விடை, பதின்மூன்று புள்ளி ஏழு. கீழே முடிவும் எழுதியிருந்தது. மாணவர்களுக்கும் தெருவுக்கும் நெருக்கம் மிக நன்றாக இருக்கிறதாம். கூடம் தொடர வேண்டிய தேவை தெரியவில்லையாம்.

"பதிமூணு பேரா? இந்த ஊர்ல இத்தனை வருஷமா இருக்கேன், எனக்கே அத்தனை பேர் கிடையாதே!" என்று அக்கா வாய்விட்டுச் சொன்னார். அந்தக் கேள்விக்கு அவர் விரல் அடித்தது பெரும்பாலும் சைபர், ஒன்று, இரண்டு. சைபர் பொத்தானில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

பிறகு விஷயம் புரிந்தது.

யாராவது ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால், கணினியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. ஒன்பது என்று அடிக்க வேண்டும். ஒன்பது என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். கணக்குப் போடும்போது அதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பதினேழாவது கேள்விக்கு ஒரு புண்ணியவான் உண்மையிலேயே ஒன்பது பேர் என்று எழுதித் தொலைத்தான். அவனையும் பதில் இல்லாதவர்களோடு சேர்க்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் காலிக் கட்டத்துக்குத் தொண்ணூற்றொன்பது என்று மாற்றிக்கொண்டார். ஆய்வை நடத்தும் பேராசிரியையை மாடிப்படியில் பார்த்தபோது சொல்லவும் சொன்னார். அவர் காதில் போனை வைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் யாருக்கோ! சுவரில் ஒட்டியிருக்கும் குறியீட்டுத் தாளில் பழையதை அடித்துப் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது அக்காவின் பொறுப்பு. அதை அவர் செய்யவில்லை. சுவரில் இன்னும் ஒன்பதுதான் இருந்தது; கணக்குப் போட்டவர் அதைப் பார்த்து ஒன்பதை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்.

ஆக, பதிலே சொல்லாத எண்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது உறவுக்காரர்கள் முளைத்துவிட்டார்கள்.

பேசாமல் கம்பியைக் கோத்துக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவுடையது வருடா வருடம் நீட்டித்துத் தரும் வேலை. நீட்டிப்புக் கடிதத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், இருபத்திரண்டு வருடத்துப் பெயர். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

அப்போது அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. ஆறு வருடம் முன்பு மகள் வேறு ஊரில் முதலாம் ஆண்டு படித்தபோது காய்ச்சலில் விழுந்து, மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். கீழே லாண்டரி வைத்திருந்த பெண்மணி, துணியை எடுத்துப்போக இந்தப் பெண் வரவில்லையே என்று நாலு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்து, பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தார். அந்தக் கதவை யாரும் தட்டாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் அக்காவுக்குத் தூக்கம் வராது.

எழுந்து நேரே புள்ளிவிவரக்காரரின் அறைக்குப் போனார். எதைக் கேட்டாலும் சராசரியில்தான் பேசுவார் என்பதால் அவருக்குத் துறையில் சராசரி என்றே பெயர்.

"தம்பி, பதினேழாவது கேள்வியில பெரிய நம்பர் எதுன்னு பாருங்க."

சராசரி பார்த்தார். "அய்யய்யோ, தொண்ணூத்தொம்பது! அக்கா, என்னக்கா இது?"

"அது காலிக் கட்டம். நான்தான் மாத்தினேன், சுவத்துல எழுதாம விட்டுட்டேன். என் தப்பு."

"நானும் ஒரு தடவை பாத்திருக்கணும்க்கா. அவசரத்துல ஓட்டிட்டேன்." அவர் ஐந்து நிமிடத்தில் கணக்கை மறுபடி போட்டார். சராசரி விடை ஒன்றரை. பதில் எழுதிய ஐந்நூற்று அறுபது பேரில் இருநூற்று அறுபது பேர் சைபர்.

இருவரும் பேராசிரியையிடம் போனார்கள். அக்கா பூசி மெழுகவில்லை, மாடிப்படிக் கதையைக்கூட எடுக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாடிப்படியில எதையோ சொன்னீங்க, இல்லக்கா? நான் போன்ல இருந்தேன்."

"ஆமா மேடம்."

"அப்ப என் தப்பும்தான். இதைச் சொல்லாம விட்டிருந்தா நான் ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டிருப்பேன். ரொம்ப நன்றிக்கா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மூணு மணிக்கு நீங்களும் வாங்க. அந்தக் காலி ஃபார்மெல்லாம் எடுத்துட்டு வாங்க."

கூட்டத்தில் அக்காவுக்குக் கதவோரத்தில் ஒரு நாற்காலி. பேராசிரியை பிழையைச் சொல்லி, பதினோராவது பக்கத்துக்குப் பதிலாகப் புதுத் தாளைக் கொடுத்தார். குழுத் தலைவர் அதைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"சரி, ஒன்றரை இருக்கே. சுத்தமா இல்லாமப் போகலையே. அந்த எண்பது பேர் சும்மா சோம்பேறித்தனத்துல விட்டிருப்பாங்க."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சோம்பேறித்தனம் இல்ல சார்" என்று எழுந்துவிட்டார். பன்னிரண்டு தலைகள் திரும்பின. இனி உட்காரவும் முடியாது. "முன்னாடி பதினாறு கேள்விக்கும் எழுதியிருக்காங்க, பின்னாடி பதினஞ்சுக்கும் எழுதியிருக்காங்க. இது ஒண்ணுதான் காலி. கட்டத்துக்குள்ள கிட்டப் பாருங்க."

தாள்கள் மேசையைச் சுற்றி வந்தன. கட்டத்துக்குள் பேனா முனை பட்ட புள்ளி. ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் மூன்று, ஒன்றில் பேனாவை ஊன்றி ஊன்றித் தாளே குழிந்திருந்தது. எழுத வந்து, எழுதாமல் கையை எடுத்த புள்ளிகள். எண்பதில் ஐம்பதுக்கு மேல் அப்படித்தான்.

"ஒன்றரை ஆளை வச்சிக்கிட்டு எந்தக் கதவைத் தட்டுறது சார்? முழுசா ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள் போதும். இருநூத்தி அறுபது பிள்ளைங்களுக்கு அந்த ஒரு ஆள் இல்ல. இந்த எண்பது பேருக்கு அதைச் சொல்லக்கூட வாய் வரல."

தலைவர் கையிலிருந்த தாளை நெடுநேரம் கீழே வைக்கவில்லை. கூடம் இன்னும் இரண்டு வருடம் நடக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. கெட்டில் ஒன்று போதவில்லை, இன்னொன்று வாங்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

அக்கா அறைக்குத் திரும்பி முதல் வேலையாகச் சுவரிலிருந்த தாளில் பதினேழாவது கேள்விக்கு நேரே ஒன்பதை அடித்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சராசரி அதன் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், தன் வீரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, அதே மாதிரி ஃபார்ம் எங்க காலேஜ்லயும் குடுத்தாங்க. ஃபீவர் வர்றதுக்கு முந்தின மாசம்."

"நீ என்னடி எழுதின?"

"எதுவும் எழுதல. சைபர்னு போடப் போனேன். என் கையெழுத்துல அதைப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக எத்தனை ஆயிரம் காலிக் கட்டங்களை ஒன்பது ஒன்பது என்று அடித்துத் தள்ளியிருப்பார்! யாரோ ஓர் ஊரில் யாரோ ஓர் அக்கா, இவர் மகளையும் அப்படித்தான் அடித்துத் தள்ளியிருப்பாள்.

"அந்த லாண்டரி அம்மா நம்பர் இன்னும் வச்சிருக்கியா?"

மகள் அனுப்பினாள். அக்கா உடனே கூப்பிட்டார். எடுத்ததும் இஸ்திரிப் பெட்டி மேசையில் உட்காரும் சத்தம் கேட்டது. தான் யார், மகள் யார், எந்த வருடம், எந்த மாடி என்று மூச்சு விடாமல் சொன்னார். அன்றைக்குப் பதற்றத்தில் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"எந்தப் பொண்ணும்மா?" என்றது அந்தக் குரல். "இங்க எத்தனையோ பிள்ளைங்க வந்து போகுது. துணி எடுக்க வரலைன்னா நான் மேல போய் ஒரு தட்டுத் தட்டிப் பாப்பேன். யார் யாருன்னு ஞாபகம் இல்லையே. இப்ப நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காம்மா. வேலைக்குப் போறா."

"அப்பாடா. அது போதும்" என்றார் அந்த அம்மா. பிறகு, "இருங்க, கஸ்டமர் வந்திருக்காங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கடைசி மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். சட்டையில் பொத்தான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனார்.