உபதேசியாரின் வேட்டி ஓரம்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருஷம் காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் உபதேசியார் இருந்தார். ஒல்லியானவர், முன்கோபி. இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதையை அவர் ஜெபக்கூட்டத்தில் சொன்னதிலிருந்து, நோயாளிகள் அவர் வேட்டியைத் தொட வந்தார்கள். அதனால் எப்போதும் மடித்துக் கட்டியே நடப்பார்.

என் மகள் மூச்சுத் திணறியபோது, மாரியம்மனைத் தவிர வேறு சாமி அறியாத என் மனைவியே அந்த வேட்டிக்குக் கை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா! இது வெறும் துணி. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்!"

அவரே பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினார். மடிப்பு அவிழ்ந்தது. டாக்டர் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டதும், வாசலில் என் மனைவி வேட்டி ஓரத்தை இறுகப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார். விலகவில்லை. டாக்டர் வந்து "பயமில்லை" என்று சொல்லும்வரை அசையாமல் நின்றார்.

மறுநாள் பழையபடி மடித்துக் கட்டியிருந்தார். அந்த வாசலில் நம்பியது அவளா, அவரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.